எலுமிச்சம்பழத்துக்கு மேலே மூணு சாண்!

கியர் மாத்து பாஸ்! - வாராவாரம்

ஆயுத பூஜை அன்னைக்கு உங்க தெருவுல ஒரு ரவுண்டு போய்ப் பாருங்க. வீட்டுக்கு வீடு கார்கள் மாப்பிள்ளை மாதிரி நிற்கும். காலையிலேயே குளியல், பானட்டில் சந்தனம், குங்குமம், முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று, நான்கு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். அப்பா சாவியைப் போட்டு மெதுவாக நகர்த்துவார். 'பச்சக்'! நான்கு பழமும் காலி. திருஷ்டி கழிந்தது. சுண்டல் வந்தது. எல்லோரும் ஹேப்பி.

இப்போ ஒரு கேள்வி. அந்தப் பழத்தை வைக்கக் குனிந்தவர்களில் எத்தனை பேர் அப்படியே தலையைத் தூக்கி மேலே பார்த்திருப்போம்? பழத்திலிருந்து மூணு சாண் உயரத்தில், டயருக்கும் பாடிக்கும் நடுவே ஒரு இருட்டுக் குகை இருக்கிறதே... மெக்கானிக் அண்ணன்கள் 'மட்கார்டு உள்பக்கம்' என்பார்கள். கொஞ்சம் ஸ்டைலாகச் சொன்னால் 'வீல் ஆர்ச்'. கார் வாங்கிய நாளிலிருந்து குளிக்காத இடம் ஒன்று உண்டு என்றால் அது அதுதான்!

"பாஸ், பஸ் பாஸுக்கே சிங்கி அடிக்கிறோம். எங்ககிட்ட கார் பத்திப் பேசறீங்களே?" என்று பின் பெஞ்சிலிருந்து குரல் வருவது கேட்கிறது. கார் உங்களுடையதாக இருக்க வேண்டாம். அப்பாவுடையது, மாமாவின் டாக்ஸி, நாளைக்கு முதல் சம்பளத்தில் வாங்கப்போகும் செகண்ட் ஹேண்ட் கார்... எதுவாக இருந்தாலும் இது உங்களுக்குப் பயன்படும். எனக்கு இந்தப் பாடம் கொஞ்சம் கசப்பாகவே வந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கருப்பு பெயின்ட் ஹீரோ

காலேஜ் மூன்றாம் வருஷம். எங்க வீட்டில் ஒரு பழைய சின்ன கார். கடலூரில் கடல் காற்று அடிக்கும் தெருவில்தான் வீடு. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காரைக் கழுவும் பொறுப்பு என் தலையில். பாடியை நல்லா தேய்ச்சுக் கழுவிட்டேன். மட்கார்டு உள்பக்கம் மட்டும் செம்மண்ணும் தாருமா அசிங்கமா இருந்தது. அதையெல்லாம் யார் தேய்ப்பது? ஹார்டுவேர் கடையில் இரண்டு கேன் கருப்பு ஸ்பிரே வாங்கி வந்து, நான்கு பக்கமும் 'புஸ்ஸ்ஸ்'. பத்தே நிமிஷம். ஷோரூமிலிருந்து எடுத்து வந்த மாதிரி பளபளன்னு ஆயிடுச்சு. அப்பா முதுகில் தட்டிக்கொடுத்தார். நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அடுத்த வருஷப் பொங்கலுக்கு முன்னால் பின்பக்க மட்கார்டு ஓரத்தில் பரு மாதிரி சின்னச் சின்னக் கொப்புளம். டிங்கரிங் கடைக்குக் கொண்டு போனோம். அந்த அண்ணன் ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஒரு பருவை லேசாகக் குத்தினார். அது அப்பளத்தைக் குத்தின மாதிரி உள்ளே போய்விட்டது. உள்ளே கையை விட்டுச் சுரண்டியவர் சிரித்தார். "தம்பி, மண்ணு மேலயே பெயின்ட் அடிச்சிருக்கீங்க. உள்ள இருந்த ஈரம் எங்கே போகும்?"

அதோடு முடியவில்லை. முன் சக்கரத்தையும் கழற்றிக் கழுவிப் பார்த்தார். அப்புறம் சிரிப்பதை நிறுத்திவிட்டார். பாடியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஹோஸ், அதாவது ஒரு சாணுக்குச் சற்றே நீளமான ரப்பர் குழாய், மேலே வரிவரியாக வெடித்திருந்தது. அந்த வெடிப்பு மேலெல்லாம் என் கருப்பு பெயின்ட். நான் அடித்த பளபளப்புதான் அதை யார் கண்ணிலும் படாமல் மறைத்திருந்தது. இடையில் ஒரு தடவை சர்வீஸுக்கு விட்டபோது பார்த்தவர் கண்ணிலும் படவில்லை. அந்தக் காரில்தான் அப்பா தினமும் தங்கச்சியை ஸ்கூலில் கொண்டு போய் விட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. பில்லைக் கட்டிவிட்டு வந்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

உப்பு ஜாடி சொல்லும் கதை

சரி, அந்த இடத்தில் மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் துரு? வீட்டு அடுப்படியில் உப்பு ஜாடியைக் கவனித்திருப்பீர்கள். ஐப்பசி, கார்த்திகை வந்தால் யாரும் தண்ணீர் ஊற்றாமலே கசிந்து நிற்கும். காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக்கொள்ளும். சென்னை, கடலூர், நாகை, தூத்துக்குடி மாதிரி ஊர்களில் காற்றோடு வரும் உப்பு மட்கார்டுக்குள் இருக்கும் மண்ணில் சேர்ந்துவிடுகிறது. மழை நின்று ஒரு வாரம் ஆனாலும் அந்த மண் காயாது. உப்புத் தண்ணீர் துருப்பிடிக்கும் வேகத்தையும் கூட்டும். பனி பெய்யும் நாடுகளில் ரோட்டுப் பனியைக் கரைக்க உப்புத் தூவுவார்கள். அங்கேயும் கார்கள் துருப்பிடிக்க ஆரம்பிக்கும் முக்கியமான இடங்களில் இந்தக் குகையும் ஒன்று.

கோயம்புத்தூர், சேலம் பக்கம் இருப்பவர்கள் "எங்க ஊர்ல கடலே இல்லையே" என்று சந்தோஷப்பட வேண்டாம். மட்கார்டு ஓரத்தில் தகடு உள்பக்கமாக மடிந்திருக்கும். டயர் வாரி இறைக்கும் சேறு போய்த் தங்குவது அந்த மடிப்பில்தான். அதோடு டயர் அடிக்கும் சின்னக் கற்கள் பெயின்டைப் பொத்தல் போட்டுவிடும். இரும்பு, ஈரம், காற்று மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் போதும், வேலை ஆரம்பம். இரும்பு துருவாக மாறும்போது இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தைப் பிடிக்கும். அதனால்தான் பெயின்டை உள்ளிருந்து நெம்பித் தள்ளுகிறது. வெளியே நமக்குப் பரு தெரியும்போது உள்ளே பாதி விருந்து முடிந்திருக்கும்.

களத்துல இறங்கலாமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். தேவையானவை: இரண்டு வாளி தண்ணீர், கார் ஷாம்பு, நீளக் கைப்பிடி பிரஷ் ஒன்று, பாட்டில் கழுவும் பிரஷ் ஒன்று, செடிக்கு மருந்து அடிக்கும் கை ஸ்பிரேயர், கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, கொஞ்சம் பனியன் வேஸ்ட், செல்போன் டார்ச். ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டு தண்ணீரைத் தெருவில் ஓட விடாதீர்கள். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்காகக் காத்திருந்ததை மறந்துவிடக் கூடாது. இந்த வேலைக்கு இரண்டு வாளி தாராளம்.

முதலில் காரை ஆற விடுங்கள். ஓடி வந்த சூட்டில் பிரேக் டிஸ்க் கொதித்துக்கொண்டிருக்கும். அதன் மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் டிஸ்க் கோணிக்கொள்ள வாய்ப்பு உண்டு. அரை மணி நேரம் டீ குடியுங்கள்.

அப்புறம் ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுசா ஒடியுங்கள். முன் சக்கரம் திரும்பி, உள்பக்கம் நன்றாகத் திறந்து கொடுக்கும். சக்கரத்தைக் கழற்றாமலே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். அடுத்து மறுபக்கம் ஒடித்து மீதியைப் பாருங்கள். பின் சக்கரங்களுக்கு நீளப் பிரஷ்தான் துணை.

சக்கரத்தைக் கழற்றியே ஆக வேண்டும் என்றால், சமதளமான தரையில் மட்டும். ஹேண்ட்பிரேக் போட்டு, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, நட்டுகளை முதலில் லேசாகத் தளர்த்திய பிறகுதான் ஜாக்கி. ஜாக்கி காரைத் தூக்க மட்டும்தான், தாங்க அல்ல! தாங்குவதற்கு ஸ்டாண்டு வேண்டும். ஸ்டாண்டு இல்லையா, சக்கரத்தைக் கழற்ற வேண்டாம். ஜாக்கியை மட்டும் நம்பி எந்தக் காரணத்துக்காகவும் காருக்கு அடியில் தலையையோ உடம்பையோ விடக் கூடாது. நோ எக்ஸ்கியூஸ்!

இனி குளியல். வெறும் தண்ணீரை அடித்து மண்ணை ஐந்து நிமிஷம் ஊற விடுங்கள். காய்ந்த மண்ணை அப்படியே தேய்த்தால் பெயின்ட் கீறும். ஊறியதும் ஷாம்பு தண்ணீரை அடித்து, மேலிருந்து கீழாகத் தேய்க்கவும். மடிப்புக்குள் பாட்டில் பிரஷ்ஷை விட்டு இழுங்கள். ஒரு கைப்பிடி மண்ணாவது வரும்! மடிப்புத் தகடு கத்தி மாதிரி இருக்கும், கையுறை இல்லாமல் விரலை விடாதீர்கள். கதவுக்குக் கீழே ஓடும் பட்டைத் தகட்டில் தண்ணீர் வடிய சின்ன ஓட்டைகள் இருக்கும். அவை மண்ணால் அடைத்திருந்தால் ஒரு குச்சியால் திறந்துவிடுங்கள். பிரேக் பக்கம் படிந்திருக்கும் கருப்புத் தூளை வாயால் ஊதவோ, காற்றடித்துப் பறக்க விடவோ வேண்டாம். நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

பாடியைக் கழுவுவதற்கு முன்னால் இதை முடிக்க வேண்டும். கடைசியில் செய்தால் கழுவின பாடி மேலேயே சேறு தெறிக்கும். இதற்குப் பயன்படுத்திய பிரஷ்ஷும் துணியும் பாடிப் பக்கமே போகக் கூடாது.

டிடெக்டிவ் ஆகுங்க!

இதுதான் முக்கியமான கட்டம். கழுவினால் மட்டும் போதாது, பார்க்க வேண்டும். சுத்தமான மட்கார்டு உள்பக்கம் ஒரு மெடிக்கல் ரிப்போர்ட் மாதிரி. டார்ச்சை அடியுங்கள்.

* பிரேக் ஹோஸ்: வெடிப்பு, வீக்கம், ஈரக்கசிவு இருக்கிறதா? லேசாக வளைத்துப் பாருங்கள், வெடிப்பு அப்போதுதான் வாயைத் திறக்கும். சந்தேகம் வந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம், மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். ஓடும்போது அது பிய்ந்தால் பிரேக் பெடல் கீழே இறங்கும், பிரேக் பிடிப்பதும் பாதியாகிவிடும்.

* கிரீஸ் கோலம்: முன் சக்கரத்துக்கு உள்ளே கிரீஸ் வட்டமாகத் தெறித்திருக்கிறதா? சக்கரத்தைச் சுற்றவைக்கும் ஷாஃப்ட்டின் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறது. ஜாயிண்ட் தேய்வதற்குள் கவனித்தால் பூட்டை மாற்றுவதோடு போய்விடும். விட்டால் ஷாஃப்ட்டுக்கே செலவு.

* ஷாக் அப்சார்பர்: மேலே எண்ணெய் வழிந்து தூசி ஒட்டியிருந்தால் அது லீக்.

* டயரின் உள் ஓரம்: வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதுசு மாதிரி இருக்கும், உள் ஓரம் மொட்டையாகத் தேய்ந்திருக்கும். அலைன்மென்ட் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். கார் டயரில் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் டயரை மாற்றியே ஆக வேண்டும், அதுதான் சட்டம்.

* பிளாஸ்டிக் லைனர்: நிறைய கார்களில் உள்ளே கருப்பு பிளாஸ்டிக் தடுப்பு இருக்கும். ஒன்றிரண்டு கிளிப் கழன்றிருந்தால் அது தொங்கி, வேகத்தில் டயரில் உரசும். உரசின இடம் பளபளவென்று காட்டிக்கொடுக்கும். ஒரு கிளிப் சில ரூபாய்தான்.

* மெல்லிய ஒயர்: இந்தியாவில் 2019 ஏப்ரலில் இருந்து தயாராகும் கார்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். அதற்காகச் சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சார் ஒயர் இங்கேதான் போகும். அதை இழுக்காதீர்கள். பிரஷர் வாஷ் அடித்தால் அதற்கும் ரப்பர் பூட்டுக்கும் நேராகப் பிடிக்கவே கூடாது.

துரு கண்ணில் பட்டால்..?

பயப்பட வேண்டாம், மேலோட்டமான துருவை நாமே நிறுத்தலாம். வயர் பிரஷ், அப்புறம் உப்புத்தாள். உப்பு செய்த வேலையை உப்புத்தாள் சரி செய்யும்! பளிச்சென்று இரும்பு தெரியும்வரை தேய்க்கவும். குழியில் ஒட்டியிருக்கும் மிச்சத் துருவுக்கு 'ரஸ்ட் கன்வெர்ட்டர்' என்று பாட்டிலில் விற்கிறார்கள். அதில் பாஸ்பாரிக் அமிலமோ டானினோ இருக்கும். அமிலம் துருவை பாஸ்பேட்டாக மாற்றிவிடும். டானின் என்றால், நம்ம கடுக்காயில் இருக்கிறதே, அதேதான். துருவும் கடுக்காயும் சேர்ந்தால் கெட்டியான கருப்பு கிடைக்கும் என்பது கலம்காரி ஓவியர்களுக்குப் பல தலைமுறையாகத் தெரிந்த கெமிஸ்ட்ரி! காய்ந்ததும் ரெட் ஆக்சைடு பிரைமர், அதன் மேல் கருப்பு பெயின்ட் அல்லது அண்டர்பாடி கோட்டிங். அடிப்பதற்கு முன் டிஸ்க், ஹோஸ், ஷாக் அப்சார்பர், ஒயர் எல்லாவற்றையும் பேப்பர் சுற்றி மூடிவிடுங்கள். தண்ணீர் வடியும் ஓட்டைகளை அடைத்துவிடாதீர்கள். விரலால் அழுத்தினால் தகடு நசுங்குகிறதா? அது நம்ம வேலை இல்லை, டிங்கரிங் அண்ணன் வேலை.

மேக்கப் டைம்

எல்லாம் காய்ந்த பிறகுதான் பாலிஷ். பிளாஸ்டிக் லைனருக்குத் தண்ணீர் கலந்து தயாரித்த டிரெஸ்ஸிங் நல்லது, பொதுவாகப் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். ஸ்பிரேயரில் மெல்லிசாக அடித்து, பத்து நிமிஷம் விட்டு, பனியன் வேஸ்ட்டால் துடைத்தால் கருகருவென்று நிற்கும். அடுத்த முறை சேறும் அவ்வளவாக ஒட்டாது. பெட்ரோல் வாசனை அடிக்கும் எண்ணெய்ப் பசை ரகமும், வீட்டுத் தேங்காய் எண்ணெயும் முதல் நாள் மின்னும், மறுநாள் தெருத் தூசி முழுக்க அதில் ஒட்டியிருக்கும். சில புதிய கார்களில் லைனர் கம்பளித் துணி மாதிரி ஃபெல்ட்டில் இருக்கும். அதற்குப் பாலிஷே வேண்டாம், கழுவினால் போதும்.

டயர் ரோட்டில் படும் பகுதியிலும் பிரேக் டிஸ்க்கிலும் ஒரு சொட்டுக்கூடப் படக் கூடாது. வழுக்கும்! முடித்ததும் தெருவுக்குள்ளேயே மெதுவாக ஓட்டி இரண்டு மூன்று முறை பிரேக் அடித்துப் பாருங்கள். சக்கரம் கழற்றியிருந்தால் நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி டைட் செய்து, 100 கிலோமீட்டருக்குள் இன்னொரு தடவை செக் செய்யவும்.

இதையெல்லாம் தொடாதீங்க...

சில வாட்டர் சர்வீஸ் கடைகளில் கழுவின பிறகு அடியில் டீசல் அல்லது பழைய இன்ஜின் ஆயில் அடிப்பார்கள். 'துருப்பிடிக்காது சார்' என்பார்கள். பளபளக்கும், உண்மைதான். ஆனால் டீசலும் ஆயிலும் பட்டால் ரப்பர் புஷ், பிரேக் ஹோஸ் எல்லாம் உப்பிக் கெட்டுப்போகும். வடிகிற ஆயில் சாக்கடைக்குப் போகும். "எனக்கு வேண்டாம்ணே" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அலாய் வீல் பளிச்சென்று ஆகும் என்று டாய்லெட் கழுவும் ஆசிட்டை ஊற்றும் புத்திசாலிகளும் உண்டு. ஆசிட் அழுக்கோடு சேர்த்து உலோகத்தையும் தின்னும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கப் போறீங்களா?

அப்படியானால் பானட் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன்னால் சட்டை அழுக்கானாலும் பரவாயில்லை என்று குனிந்து இந்தக் குகையைப் பாருங்கள். பத்து வருஷக் காரில் நேற்று அடித்த மாதிரி கருப்பு இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், 'ஏன்?' என்று கேளுங்கள். ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி மட்கார்டு ஓரமாக நகர்த்துங்கள். இரும்பில் ஒட்டும், பட்டி பூசின இடத்தில் நழுவும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னை, தூத்துக்குடி பக்கமும் எத்தனையோ கார்கள் மூழ்கின. சீட்டை மாற்றலாம், சென்ட் அடிக்கலாம். மடிப்புக்குள் போன வண்டலை எடுக்கப் பெரும்பாலும் யாரும் மெனக்கெடுவதில்லை. விரலை விட்டுப் பாருங்கள், கையுறையோடு!

வருஷத்துக்கு இரண்டு தடவை போதும், பாஸ். ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் ஒன்று. அதற்கப்புறம்தான் வடகிழக்குப் பருவமழை வரும், தடுப்பு வேலை முடிந்திருக்கும். பொங்கல் லீவில் இன்னொன்று, மழைக்காலச் சேற்றை எடுத்துவிடலாம். கடற்கரை ஊர்க்காரர்கள் மாதம் ஒருமுறை வெறும் தண்ணீராவது அடித்துவிடுங்கள்.

அன்றைக்கு மாற்றிய அந்தப் பழைய பிரேக் ஹோஸ் இன்னும் என் டூல் பாக்ஸில்தான் இருக்கிறது. வெளியே கருப்பு பெயின்ட், வளைத்தால் வெடிப்பு. ஸ்பிரே கேனைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அதை ஒரு தடவை எடுத்து வளைத்துப் பார்ப்பேன். அப்புறம் கேனைக் கீழே வைத்துவிட்டு, வாளியில் தண்ணீர் பிடிக்கப் போய்விடுவேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சாவி கேளுங்கள். "எங்கடா ஊர் சுத்தப் போறே?" என்பார். "எங்கேயும் இல்லப்பா, ஸ்டியரிங்கை ஒடிக்கணும்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் முகத்தைப் பார்க்கணுமே!

(அடுத்த வாரம்: டயர் பக்கவாட்டில் இருக்கும் எண்கள் என்ன சொல்கின்றன?)